வத்தகப்பழ டியூப்

விஜிதரனுக்கு வேலை காற்று அடிப்பது. சைக்கிளுக்கோ லொறிக்கோ அல்ல. மஸ்கெலியா நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் இருந்த பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கி, முன்பக்கத்துப் பூச்செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நீச்சல் தடாகம் கட்டியிருக்கிறார்கள். அங்கே தங்க வருகிறவர்களின் பிள்ளைகளுக்காக வாத்து, அன்னம், முதலை, இடுப்பில் மாட்டும் டியூப், கையில் மாட்டும் காற்றுப்பை எல்லாவற்றையும் காலையில் ஊதி வைக்க வேண்டும். மாலையில் துடைத்து அடுக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதுதான் அவருடைய உத்தியோகம். நீந்தத் தெரியுமா என்று கேட்டால், "தெரியாதுங்க" என்று கூச்சப்படாமல் சொல்லுவார். அவரை வேலைக்கு எடுத்தவர்களும் அதைக் கேட்கவில்லையாம்.

ஸ்வெட்டர் போட்டாலும் நடுங்கும் இந்த மலைக்கு வந்து தண்ணீரில் இறங்குகிறவர்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது இங்கே வேண்டாம். நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டைப்பிங், போட்டோ கொப்பி கடை வைத்திருக்கிறவன். தோட்டத்து ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் என் தொழில்தான். விஜிதரன் எனக்குப் பழக்கமானது அப்படித்தான். இன்றைக்கு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை மனு எழுதுகிற பழக்கத்திலேயே போகிறது. அப்படி எழுதி இதுவரை என்ன நடந்துவிட்டது என்ற எரிச்சலும் கூடவே வருகிறது.

ஹோட்டலில் அவருக்கு இரண்டு கட்டளைகள். ஒன்று, டியூபைக் கையில் கொடுக்கும்போது பிள்ளையின் தாயிடமோ தகப்பனிடமோ ஒரு வசனம் சொல்ல வேண்டும். எல்லா டியூபிலும் காற்றுப் போகும் வாய்க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும் விஷயம்தான் அது. மனேஜர் அதை மூன்று பாஷையிலும் அவருக்குப் பாடமாக்கிக் கொடுத்திருந்தார். தமிழ் ஆட்கள் வந்தால் விஜிதரன் தன் வாய்க்கு ஏற்ற மாதிரி சொல்லுவார்: "மேடம், இது வெளையாட்டுச் சாமான்தாங்க. உயிரக் காப்பாத்தாது. புள்ளையோட கைய விட்றாதீங்க."

இரண்டாவது கட்டளை, யாருடைய கையிலும் இல்லாத டியூப் எதுவும் சும்மா கிடக்கக்கூடாது. இரும்புக் கம்பத்தில் கட்டியிருக்க வேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆள் உயர நாரை பொம்மை ஒன்று காற்றில் எழும்பி, வேலியைத் தாண்டி, நீர்த்தேக்கத்தில் விழுந்து அக்கரைக்கே மிதந்து போய்விட்டது. மனேஜர் எல்லா விருந்தினர்களுக்கு முன்னாலும் வைத்து ஏசினார். அன்றிலிருந்து காற்று நிரம்பிய எதைக் கண்டாலும் விஜிதரனின் கை தானாகக் கயிறு தேடும். கடையில் என் மகளுக்கு வாங்கி வைத்திருந்த பலூனைக்கூட ஒருநாள் பேச்சு நடுவில் கதிரைக் காலில் கட்டிவிட்டுப் போனார். நாங்கள் சிரித்தோம்.

அவருடைய மனைவி சண்முகவடிவு கொழுந்து எடுக்கிறவர். வேலை அக்கரைத் தோட்டத்தில். முன்பு வீடும் அங்கேதான் இருந்தது. மண்சரிவு அபாயம் என்று அந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து பதினொரு குடும்பங்களைக் கிளப்பி, இக்கரையில் பழைய உர ஸ்டோரில் தற்காலிகமாக இருத்தினார்கள். எங்கள் பக்கத்தில் தற்காலிகம் என்பது ஏழு வருடமாகிறது, இன்னும் முடியவில்லை. ஆட்களைக் கொண்டுவந்தார்கள், தேயிலையைக் கொண்டுவர முடியுமா? காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு அக்கரையில், மலை அக்கரையில், கொழுந்து நிறுப்பதும் அக்கரையில். ரோட்டால் சுற்றிப் போனால் ஏழு கிலோமீற்றர், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. படகில் போனால் கால் மணித்தியாலம்.

படகு செல்லசாமியுடையது. தோட்டத்தில் பென்சன் எடுத்துவிட்டு மீன் பிடிக்கிறவர். காலையில் எட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டு மாலையில் கூட்டி வருவார். சண்முகவடிவு மட்டும் ஏறமாட்டார். தண்ணீர் என்றால் அவருக்கு அப்படிப் பயம். விடிவதற்கு முன்னால் எழும்பி, சமைத்து வைத்துவிட்டு, முழங்கால் வலியோடு ஏழு கிலோமீற்றரையும் நடப்பார். பெரட்டுக்குப் பிந்தினால் அரைப் பேர்தான் போடுவார்கள், அதாவது பாதி நாள் சம்பளம். வாரத்தில் இரண்டு நாளாவது அரைப் பேர்தான்.

அந்த முழங்காலைப் பார்த்துத்தான் விஜிதரன் முதல்முதல் என்னிடம் வந்தார். படகில் போகும் எட்டுப் பேருக்கும் உயிர்காப்பு அங்கி கேட்டு மனு எழுத வேண்டும். "அது இருந்தா எங்க வீட்லயும் ஏறிக்குவாங்க அண்ணே. ஒம்பதாவதா ஒண்ணு சேத்துப் போடுங்க" என்றார். போட்டேன். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதை வேறு அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். மூன்றாவதற்குப் பதில் வந்தது: குறித்த படகு அனுமதி பெறாதது, அனுமதி பெறாத படகுக்கு அங்கி வழங்க முடியாது. சரி என்று அனுமதி கேட்டு நான்காவதை எழுதினேன். உயிர்காப்பு அங்கி இல்லாத படகுக்கு அனுமதி வழங்க முடியாது என்று பதில் வந்தது. இரண்டு கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே ஆளின் கையெழுத்து. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஐந்தாவது மனுவில் என்ன எழுதியிருப்பேனோ தெரியாது. விஜிதரன்தான் தடுத்தார்.

"விடுங்க அண்ணே. நானே ஒரு வழி பண்றேன்."

அவர் பண்ணிய வழி இதுதான். ஹோட்டலில் ஓட்டை விழுந்த டியூபைத் திரும்ப ஊதமாட்டார்கள், குப்பைக்குப் போய்விடும். பெரிய ஆட்கள் மாட்டுகிற அளவில் உள்ளவற்றை விஜிதரன் குப்பையிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பங்சர் ஒட்டுகிற பசை அதில் நிற்காது. வேறு பசை தேடிப் பிடித்தார். செத்துப்போன ஓர் அன்னத்தின் கழுத்தை வெட்டி அதிலிருந்து ஒட்டுப்போடத் துண்டு எடுத்தார். ஒட்டியதை ஊதி, பேசினில் தண்ணீர் நிரப்பி அமுக்கிப் பிடித்து, குமிழி வருகிறதா என்று மகள் கிருஷாந்தியைப் பார்க்கச் சொல்லுவார். ஒரு குமிழி வந்தாலும் பிய்த்துவிட்டு மறுபடியும் ஒட்டுவார். இப்படி ஒன்றரை வருடத்தில் ஒன்பது டியூப் சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் மார்க்கரால் ஒரு பெண்ணின் பெயரை எழுதினார். சண்முகவடிவுக்கு வைத்தது வத்தகப்பழம் போட்ட டியூப். வெளியில் பச்சை, உள்ளே சிவப்பு, கறுப்புக் கறுப்பாய் விதை.

சண்முகவடிவு ஏறினாரா? உடனே ஏறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் விஜிதரன் அவரை இக்கரையில் இடுப்பளவு தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிருஷாந்தி போனில் வீடியோ எடுத்தாள். அதை நான் பார்த்திருக்கிறேன்.

"ஒக்காரு வடிவு. பயப்படாத."

"ஐயோ, காலு எட்டலங்க. கைய விட்றாதீங்க."

"விட்டு ரொம்ப நேரமாச்சு. நீயே பாரு."

வீடியோவில் சண்முகவடிவு தன் இரண்டு பக்கத்தையும் பார்க்கிறார். யாரும் பிடிக்கவில்லை, ஆனாலும் மிதக்கிறார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வருகிறது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அடுத்த நாள் காலை செல்லசாமியின் படகில் ஒன்பதாவது ஆளாக ஏறினார்.

ஹோட்டலில் எல்லாரிடமும் சொல்லுகிற அந்த வசனத்தை விஜிதரன் அன்றைக்குச் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் என்னிடம் வாய்விட்டுச் சொன்னார்: "ஆயிரம் பேருக்குச் சொல்லிருக்கேன் அண்ணே. வீட்ல சொல்லல. எப்பிடியாச்சும் அவ போட்ல ஏறணும்னு இருந்துச்சு."

டியூபை மாட்டிக்கொண்டு படகில் உட்கார முடியாது. இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, மடியில் கூடை, இதில் ஒன்பது பேர் டியூபும் மாட்டினால் பலகையில் இடம் ஏது? ஆகவே உட்காரும் பலகைக்குக் கீழே வைத்தார்கள். முதல் வாரத்திலேயே ஒன்று காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்தது. செல்லசாமி துடுப்புப் போட்டுத் துரத்திப் பிடித்தார். இன்னொரு நாள் பின்னேரம் பார்த்தால் இரண்டைக் காணவில்லை, லயத்துப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். விஜிதரனுக்கு மனம் பொறுக்கவில்லை. பழைய கூடைக் கயிறுகளைச் சேர்த்து, ஒவ்வொரு டியூபையும் அவரவர் உட்காரும் இடத்துக்குக் கீழே பலகையோடு கட்டினார். ஹோட்டல் கம்பத்தில் போடுகிற அதே முடிச்சு. நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் அவிழும் என்று ஒன்பது பேருக்கும் கரையில் வைத்துச் செய்து காட்டினார். அவிழத்தான் செய்தது. கயிறு காய்ந்திருந்தது.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் போனது. அதையும் எழுதத்தான் வேண்டும். சண்முகவடிவு ஐந்தரை மணி வரை தூங்கினார். அரைப் பேர் நின்றது. முழங்கால் வலி குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் விஜிதரன் படகுக்குப் போய் ஒன்பது டியூபையும் அமுக்கிப் பார்த்து, காற்றுக் குறைந்திருந்தால் வாயாலேயே ஊதிவிட்டு வருவார். அவருடைய பயமெல்லாம் ஒட்டுப் போட்ட இடத்தில்தான் இருந்தது.

போன ஆனி மாதம், மழைக்காற்று தொடங்கிய கிழமை, அக்கரைக்கு நாற்பது அடி இருக்கும்போது படகு கவிழ்ந்தது. பனிமூட்டம், பக்கவாட்டில் அடித்த காற்று, ஒன்பது பேர். என்ன நடந்தது என்று பேச்சியம்மா எனக்குச் சொன்னார். படகில் சண்முகவடிவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் அவர்.

"போட்டப் புடிங்க, போட்டப் புடிங்கன்னு செல்லசாமி அண்ணன் கத்துனாரு. நாங்க எல்லாரும் புடிச்சிட்டோம். கவுந்த போட்டு முழுகலைங்க, மெதந்துச்சு. வடிவும் புடிச்சிட்டுத்தான் இருந்திச்சு, என் தோளோட தோளா. அப்பறம் 'டியூப் அடியில இருக்குக்கா, அவுத்துட்டாப் போதும்'னு சொல்லுச்சு. வேணாம் புள்ள, கைய விடாதன்னேன். 'அவரு கட்டுனது எனக்குத் தெரியும்க்கா'ன்னுச்சு. போட்டுக்கு அடியில ரெண்டு தடவ போய் வந்துச்சுங்க. மூணாந்தடவ வரல."

மற்ற எட்டுப் பெண்களையும் செல்லசாமியையும் அக்கரையிலிருந்து இறங்கிய ஆட்கள் கயிறு வீசி இழுத்துவிட்டார்கள். சண்முகவடிவை மத்தியானம்தான் எடுத்தார்கள். படகைக் கரையில் புரட்டியபோது ஒன்பது டியூபும் கட்டிய இடத்தில் கட்டியபடி இருந்தன. ஒன்றிலும் காற்றுப் போகவில்லை. ஒரு ஒட்டுக்கூடப் பிரியவில்லை. எட்டு முடிச்சுகளில் யாரும் கை வைக்கவே இல்லை. வத்தகப்பழ டியூபின் முடிச்சில் மட்டும் ஒரு சுற்றுத் தளர்ந்திருந்தது. கூடைக் கயிறு நனைந்தால் ஊதி இறுகிவிடும். கொழுந்து எடுக்கிற பெண்கள் எல்லாருக்கும் அது தெரியும். விஜிதரனுக்குத் தெரியாது. அவர் ஹோட்டலில் நைலோன் கயிற்றில் கட்டுகிறவர்.

மற்ற எட்டுப் பேரும் டியூபைத் தேடவில்லை. அவர்களுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவர்களுடைய புருஷன்மார் யாரும் அதை ஒன்றரை வருடம் உட்கார்ந்து ஒட்டவில்லை. இதை நான் விஜிதரனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, அவருக்கே தெரியும்.

பெரிய அதிகாரிகள் வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். தண்ணீரோரம் ஒரு போர்டு நட்டார்கள்: இவ்விடத்தில் படகில் செல்வது தடை. அங்கி வரவில்லை, பஸ் வரவில்லை, வீடும் வரவில்லை. மூன்றாம் வாரம் அந்தப் போர்டுக்குப் பக்கத்திலேயே செல்லசாமி படகைக் கட்டினார். பெண்கள் ஏறினார்கள். வேறு என்ன செய்வார்கள்? டியூபுகளின் கயிறுகளை மட்டும் செல்லசாமி கத்தியால் அறுத்து, டியூபுகளைக் கரையில் குவித்துவிட்டார். விஜிதரன் வத்தகப்பழ டியூபை மாத்திரம் எடுத்துக்கொண்டு போய் வீட்டுச் சுவரில் ஆணியில் மாட்டினார். அதிலிருந்தது அவர் ஊதிய காற்று. திறந்துவிட அவருக்குக் கை வரவில்லை.

காரியம் முடிந்து ஹோட்டலுக்குப் போனவர் டியூபுகளைக் கட்டாமல் விட்டார். வேண்டுமென்று இல்லை, போட்ட முடிச்சைத் தானே திரும்ப அவிழ்த்துவிடுகிறேன் என்றார். நான்காம் நாள் முதலை பொம்மை ஒன்று வேலி தாண்டிப் போனது. மனேஜர் இந்தத் தடவை ஏசவில்லை, மெதுவாகத்தான் சொன்னாராம்: இன்னொன்று போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன். மறுநாளிலிருந்து விஜிதரன் கட்டுகிறார். மேடம், இது விளையாட்டுச் சாமான்தான் என்று அதே வசனத்தையும் சொல்லுகிறார். பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே.

இந்தத் தை மாதம் கிருஷாந்தியைத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள், தாயின் இடத்துக்கு. வயது பத்தொன்பது. உயர்தரப் பரீட்சை எழுதியிருக்கிறாள். ஹட்டனில் கடைக் கடையாக வேலை கேட்டு அலைந்து பார்த்தாள், கிடைக்கவில்லை. வேலைக்குப் போகும் முதல் நாள் காலை ஆணியில் தொங்கிய டியூபைப் பார்த்துவிட்டுத் தகப்பனிடம் கேட்டிருக்கிறாள்.

"அம்மா டியூப எடுத்துக்கவாப்பா? கட்ட மாட்டேன். மாட்டிக்கிட்டே ஒக்காந்துக்கிறேன்."

"இது வெளையாட்டுச் சாமான் கண்ணு. உயிரக் காப்பாத்தாது."

"அப்ப எனக்கு வேற என்னப்பா இருக்கு?"

ரோட்டால் நடந்து போ என்று சொல்லப் பார்த்தார். அரைப் பேர் விழுந்தால் பரவாயில்லை என்றும் சொல்லப் பார்த்தார். இரண்டையும் சொல்ல முடியவில்லையாம். அவள் வெறும் கையோடு படகில் ஏறிப் போனாள். அன்றைக்குப் பத்து மணிக்கு விஜிதரன் ஹோட்டலில் விடுமுறை கேட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார். இதையெல்லாம் சொல்லி முடித்தார்.

"மாட்டிக்கிட்டுப் போனா நல்லதுதானே விஜி? கட்டலைன்னா என்ன பயம்?" என்று கேட்டேன்.

"இடுப்புலருந்து நழுவிட்டா அதத் தேடுவா அண்ணே. அவ அம்மா புள்ள."

எழுதிப் பிழைக்கிறவன் நான். இன்னொரு மனு எழுதட்டுமா என்றேன். அவர் தலையை ஆட்டினார். மனு வேண்டாம், ஒரு தாளில் பெரிய எழுத்தில் ஒரு விஷயம் அடித்துத் தர வேண்டும், மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டுத் தர வேண்டும் என்றார். தாளின் அகலத்துக்கு அடித்துக் கொடுத்தேன்.

போட் கவிழ்ந்தால் எதையும் தேட வேண்டாம். போட்டைப் பிடிக்கவும்.

விஜிதரன் அதை எழுத்து எழுத்தாக வாசித்தார். உறை போட்டு, நான்கு பக்கமும் சூட்டில் ஒட்டிக் கொடுத்தேன். கையில் வாங்கி, வளைத்துப் பார்த்து, காற்றுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். நாரையையும் முதலையையும் பெண்டாட்டியையும் கொண்டுபோன காற்று அது.

"மேல ரெண்டு ஓட்ட போட்டுத் தாங்க அண்ணே. போட்ல கயிறு கோத்துக் கட்டி வைக்கணும். இல்லன்னா பறந்து போயிரும்."

சொல்லிவிட்டு நின்றார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. துளை போடும் கருவியை எடுத்து இரண்டு துளை போட்டுக் கொடுத்தேன்.